ப்ளீச்சில் வெந்துபோன முடிக்கு ஹேர் மாஸ்க்: எவ்வளவு, எப்படி, எதுவரை

கேள்வியின் சாரம் இது: முதுகில் பாதிவரை, சுமார் 45 செ.மீ. நீள முடி. ஓராண்டில் இரண்டு முறை ப்ளீச் செய்து கலர் போட்டாயிற்று. வாரத்தில் மூன்று நான்கு நாள் ஸ்ட்ரெய்ட்னர். நுனி வைக்கோல் மாதிரி ஆகி, சீவினால் துண்டு துண்டாக உடைகிறது. கெரட்டின் மாஸ்க் வாங்கி வாரம் இருமுறை போட்டதில் முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்து, பிறகு முன்பைவிட மொடமொடப்பாகிவிட்டது. முட்டை, தயிர் எல்லாம் தடவிப் பார்த்தும் பலனில்லை. மாஸ்க் போட்டு இதைச் சரிசெய்ய முடியுமா?

உடைவதைப் பெருமளவு குறைக்கலாம். சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ளலாம். பளபளப்பும் ஓரளவு திரும்பும். ஆனால் வெந்த முடி பழையபடி ஆகாது. தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத இழை. தோலில் காயம் ஆறுவதுபோல அதில் எதுவும் ஆறாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளர்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் நுனிக்கு வயது மூன்றாவது இருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் வெயில், சீப்பு, ஷாம்பு எல்லாம் பட்டுத் தேய்ந்த பிறகுதான் அதன்மேல் ப்ளீச்சும் சூடும் விழுந்திருக்கின்றன. மாஸ்க் அங்கே செய்கிற வேலை, துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விடுவதைப் போன்றது. துரு போகாது, ஆனால் கதவு கிறீச்சிடாமல் திறக்கும், கீல் மேற்கொண்டு தேய்வது குறையும். எண்ணெய் காய்ந்தால் மறுபடி விட வேண்டும். புது முடி வளர வளரப் பழைய நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தீர்க்கும்வரை இது தொடரும் வேலை.

முடிக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டால் எந்த மாஸ்க் வாங்குவது, எங்கே தடவுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். முடி இழையின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி. மெல்லிய செதில்கள் 5 முதல் 10 அடுக்காக, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதுதான் கியூட்டிகிள். உள்ளே இருப்பது கார்டெக்ஸ். முடியின் பலம் அங்கே இருக்கும் கெரட்டின் புரத இழைகளிலும், அவற்றைக் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளிலும்தான். கெடாத முடியின் செதில்மேல் 18-எம்இஏ என்ற கொழுப்பமிலம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் ஒட்டாமல் வழிந்தோடுவதும், இழையோடு இழை உரசாமல் வழுக்குவதும் இந்தப் படலத்தால்தான்.

ப்ளீச் கலவை காரமானது. அதன் பிஎச் (அமில-கார அளவு) 10-ஐ ஒட்டி இருக்கும். அது செதிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் நிறமியைச் சிதைக்கிறது. போகிற வழியில் அந்தக் கொழுப்புப் படலத்தையும் கழற்றிவிடுகிறது, கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுத்து அமிலக் குழுக்களாக மாற்றிவிடுகிறது. இதனால் இரண்டு மாற்றம் நடக்கிறது. ஒன்று, தண்ணீரைத் தள்ளிய முடி இப்போது தண்ணீரை உறிஞ்சுகிறது. குளித்தால் ஊறி உப்பி, காய நெடுநேரம் ஆகிறது. இன்னொன்று, முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடிவிடுகிறது. இந்த இரண்டாவதுதான் மாஸ்க்குக்கு முக்கியம்.

மாஸ்க்கிலும் கண்டிஷனரிலும் உண்மையான வேலைக்காரர்கள் நேர்மின்னூட்டம் கொண்ட பொருள்கள்: பிஹென்ட்ரிமோனியம் குளோரைடு, பிஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட், செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை. எதிர்மின்னூட்டம் எங்கே அதிகமோ அங்கே இவை போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது முடி எந்த இடத்தில் அதிகம் கெட்டிருக்கிறதோ அந்த இடத்தைத் தானாகவே தேடிப் பிடிக்கும். கூடவே வரும் செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் ஆகியவை பெயரில்தான் ஆல்கஹால். உண்மையில் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். முடியை உலர்த்தாது, மாறாக வழவழப்பாக்கும். 'ஆல்கஹால்' என்று பார்த்தவுடனே டப்பாவைத் திருப்பி வைத்துவிடுபவர்கள் நல்ல மாஸ்க்குகளைத்தான் ஒதுக்குகிறார்கள்.

கழன்றுபோன கொழுப்புப் படலத்துக்குப் பதிலாக இவை ஒரு தற்காலிகப் படலம் போடுகின்றன. சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். உரசல் குறைந்தால் செதில் பெயர்வது குறையும், செதில் பெயராவிட்டால் உடைவதும் குறையும். இரண்டு மூன்று முறை ஷாம்பு போட்டால் படலம் கரைந்துவிடும். கண்டிஷனரும் இதே சரக்குதான். மாஸ்க்கில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், பதம் கெட்டி, விலை அதிகம். டப்பா வாய் அகலமாக இருப்பதைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத மாஸ்க்குகளும் உண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே வாங்கும்போது முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பட்டியல் அதிக அளவில் இருப்பதிலிருந்து குறைவானதை நோக்கி இறங்கும். முதலில் தண்ணீர் இருக்கும். அடுத்த ஐந்தாறு பெயர்களுக்குள் மேலே சொன்ன கொழுப்பு ஆல்கஹால் ஒன்றும், நேர்மின்னூட்டப் பொருள் ஒன்றும் இருந்தால் அது வேலை செய்யும் மாஸ்க். பிறகு பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி எங்கே வருகிறது என்று தேடுங்கள். அதைப் பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. முகப்பில் கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்திய அரிய எண்ணெய் அதற்குப் பின்னால் வந்தால், அது துளியளவுதான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சிலிக்கோன் வேண்டாம் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. ப்ளீச் செய்த முடிக்கு நான் எதிர்மாறாகவே சொல்வேன். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் என்ற சிலிக்கோன்கள் இரண்டும் உரசலைக் குறைப்பதில் எந்த எண்ணெய்க்கும் சளைத்தவை அல்ல. அமோடைமெத்திகோனுக்குக் கெட்ட இடத்தில் அதிகம் ஒட்டும் குணமும் உண்டு. படிந்து படிந்து சேர்வது உண்மைதான். மாதம் ஒருமுறை ஆழமாகச் சுத்தம் செய்யும் கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

வாங்குவதற்கு முன்னால், உதிர்கிறதா உடைகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளிர் நிறமாக்கிய முடி என்பதால் ஒரு கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் தலையைச் சாய்த்துச் சீவுங்கள். விழுந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகைவிடச் சிறிய குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு, அதற்கு மாஸ்க் எதுவும் செய்யாது. குமிழ் இல்லாமல் 2 செ.மீ., 5 செ.மீ. என்று துண்டுகளாகக் கிடந்தால் உடைகிறது. உடைந்த துண்டுகளிலோ தலையில் இருக்கும் இழைகளிலோ நடுவே சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் விரலால் லேசாக மடக்கினால் அங்கேயே முறியும். கியூட்டிகிள் முழுக்கப் பெயர்ந்து, உள்ளே இருக்கும் நார்கள் தூரிகைபோல விரிந்த இடம் அது. அந்தப் புள்ளிக்குக் கீழே எவ்வளவு மாஸ்க் தடவினாலும் அந்த இழை சில வாரங்களில் அங்கே முறியத்தான் போகிறது.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. ஈரமான ஒற்றை இழையை 10 செ.மீ. அளவுக்கு இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். ஈரமான நல்ல முடி அதன் நீளத்தில் சுமார் 30 சதவீதம்வரை நீண்டு, விட்டால் திரும்பச் சுருங்கும். நீளாமல் பட்டென்று அறுந்தால் அது விறைத்துக் கிடக்கிறது. வழுக்கலும் மென்மையும் தேவை, புரதம் வேண்டாம். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய், விட்டாலும் தொய்ந்தே கிடந்தால் உள்கட்டு தளர்ந்துவிட்டது. இங்கே புரதம் கொஞ்சம் உதவும். ஈரத்தில் கொழகொழவென்று ஆகி, விரலில் நூல் நூலாக வந்தால் எந்த மாஸ்க்காலும் ஆவதில்லை, கத்தரிதான். ஐந்தாறு இழைகளை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள். உச்சியில் ஒரு மாதிரியும் பிடரியில் வேறு மாதிரியும் இருக்கும். தண்ணீர் டம்ளரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். முடியில் ஒட்டிய எண்ணெயும் காற்றுக் குமிழும் அதன் முடிவையே மாற்றிவிடும்.

உங்கள் கெரட்டின் மாஸ்க் ஏன் காலை வாரியது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மாஸ்க்கில் இருப்பது ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், அதாவது சிறு துண்டுகளாக உடைத்த புரதம். மிகச் சிறிய துண்டுகள் கொஞ்சம் உள்ளே போகும். பெரியவை மேலே படலமாகக் காயும். முதலில் போடும்போது தொய்ந்த முடிக்கு விறைப்பு கிடைக்கிறது, தடித்த மாதிரித் தெரிகிறது, எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. வாரம் இருமுறை என்று அடுக்கினால் அந்த விறைப்பே எதிரியாகிறது. வளைய வேண்டிய இழை வளையாமல் சீப்பில் முறிகிறது. தொட்டால் மொடமொடப்பு, காய்ந்தபின் சொரசொரப்பு, சுருண்ட முடியாக இருந்தால் சுருளும் குலைந்திருக்கும். உடனே பலர் "இன்னும் டேமேஜ் ஆகிவிட்டது, இன்னும் கெரட்டின் வேண்டும்" என்று மூன்றாவது முறையும் போடுகிறார்கள். நீங்கள் நிறுத்தியது நல்லது. ஒருமுறை கிளாரிஃபையிங் ஷாம்பு, அதற்குப் பின் நான்கு வாரம் புரதம் இல்லாத மாஸ்க் மட்டும். கெரட்டின், கொலாஜன், சில்க், வீட் புரோட்டீன், அமினோ ஆசிட் என்ற பெயர்கள் பட்டியலின் முதல் பாதியில் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். அதன்பிறகும் இழை ரப்பராக நீண்டால் மட்டும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை புரத மாஸ்க் போதும். (பார்லரில் சூடு வைத்துச் செய்யும் கெரட்டின் ட்ரீட்மென்ட் இதிலிருந்து முற்றிலும் வேறு. அது முடியை நேராக்கும் வேலை. சில வகைகளில் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளியேறும். வெந்த முடிக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.)

இனி போடும் முறை. மாஸ்க் பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மாஸ்க்கில் அல்ல, இங்கேதான் தவறுகிறார்கள்.

தலையை நனைக்கும் முன்னரே சிக்கெடுத்துவிடுங்கள். ஈரமான முடி விட்டத்தில் சுமார் 15 சதவீதம் உப்பி, பலம் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் முடிச்சோடு மல்லுக்கட்டினால் பிடுங்கிக்கொண்டுதான் வரும். பிறகு ஷாம்பு, தலைத்தோலில் மட்டும். நீளத்தை நுரை வழிந்தோடும்போதே போதிய அளவு கழுவிவிடும். துணி துவைப்பதுபோல உச்சியில் கொண்டைபோட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பெயரும். எண்ணெய்ப் பிசுக்கோ ஜெல்லோ நீளத்தில் இருந்தால் மாஸ்க் அதன்மேல்தான் படியும், முடியில் படியாது. கிணறு, ஆழ்துளைக் குழாய்போன்ற உப்புத்தண்ணீர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அதிலிருக்கும் கால்சியமும் நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் ப்ளீச் முடியில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். மாஸ்க் போட்டும் சொரசொரப்பு போகாது. அப்படிப்பட்டவர்கள் இடிடிஏ கலந்த, ஒட்டிய கால்சியத்தைப் பிடித்து நீக்கும் கீலேட்டிங் ஷாம்புவை மாதம் ஒருமுறை பயன்படுத்தலாம்.

அடுத்து, தண்ணீரை வெளியேற்றுவது. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் மாஸ்க் பலிப்பதும் பலிக்காததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. சொட்டச் சொட்ட நிற்கும் முடியில் தடவினால் மாஸ்க் நீர்த்து, பாதி முதுகில் வழிந்துவிடும். கையால் மேலிருந்து கீழாகப் பிழியுங்கள், முறுக்காதீர்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் கொத்து கொத்தாக வைத்து அழுத்தி ஒற்றுங்கள். தொட்டால் ஜில்லென்று ஈரம் தெரிய வேண்டும், ஆனால் கொத்தைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. அதுதான் பதம். முழுக்கக் காய்ந்த முடியில் தடவினாலும் சரியாகப் பரவாது, இரண்டு மடங்கு மாஸ்க் செலவாகும்.

அளவு: 45 செ.மீ. நீளம், நடுத்தர அடர்த்தி என்றால் 35 முதல் 40 கிராம். மேசைக்கரண்டிக் கணக்கில் இரண்டரை. மெல்லிய முடிக்கு 20 முதல் 25 கிராம் போதும், அடர்ந்த முடிக்கு 60 வரை போகலாம். நடு வகிடெடுத்து, காதிலிருந்து காதுவரை இன்னொரு கோடு போட்டு நான்கு பகுதியாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். அடர்த்தி அதிகமென்றால் ஆறு பகுதி. ஒரு பகுதிக்கு ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் பரப்பி, நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். அதிகம் கெட்ட இடம் நுனிதான்; கையில் நிறைய இருக்கும்போதே அங்கே போய்விட வேண்டும். கொத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, மேலிருந்து கீழே அழுத்தி இழுங்கள். ஏழெட்டு முறை இழுத்தபின் கொத்து கனத்து, நாடா மாதிரி தட்டையாக விழும். அப்போது படிந்துவிட்டது என்று அர்த்தம். வெண்மையாகத் திட்டுத் திட்டாக நின்றால் அதிகம். இழைகள் பிரிந்து பிரிந்து நின்றால் போதவில்லை. வேரிலிருந்து 5 செ.மீ. விட்டுவிடுங்கள். அங்கே இருப்பது நான்கைந்து மாத வயதே ஆன முடி. ப்ளீச் பட்டு நாளாகிவிட்டிருந்தால் அதற்கு மாஸ்க் தேவையே இல்லை. போட்டால் எண்ணெய் வழிந்த மாதிரித் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் பகுதியும் முடிந்தபின் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே ஒருமுறை சீவுங்கள். மாஸ்க் இருக்கும்போது சீவுவதுதான் ஈர முடியைச் சீவப் பாதுகாப்பான ஒரே நேரம். பிறகு தளர்வாகச் சுருட்டி ஷவர் கேப் போடுங்கள்.

நேரம் 10 முதல் 15 நிமிடம். ஒட்ட வேண்டியவை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே ஒட்டிவிடும். முடியில் ஒட்ட இடம் தீர்ந்தபின் காத்திருப்பதில் பயனில்லை. இளஞ்சூடு இருந்தால் மாஸ்க் இளகி நன்றாகப் பரவும்: டவலை வெந்நீரில் நனைத்து இறுக்கப் பிழிந்து கேப்பின் மேல் சுற்றுங்கள், கை பொறுக்கும் சூடு போதும். சில நிமிடத்தில் ஆறிவிடும், இன்னொரு முறை மாற்றினால் சரி. ஸ்டீமர் இருந்தால் 15 நிமிடம். பிளாஸ்டிக் கேப்பின்மேல் ஹேர் ட்ரையரை நேராகக் காட்டாதீர்கள். கேப் இளகித் தோலில் ஒட்டும். ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு படுப்பதும் வேண்டாத வேலை. எட்டு மணிநேரம் ஊறி உப்பிய முடி தலையணையில் புரண்டால், மாஸ்க் காப்பாற்றியதைவிட உரசல் கெடுத்தது அதிகமாக இருக்கும். நெற்றியிலும் பிடரியிலும் பரு வந்தால் அது தனிக் கணக்கு.

அலசுவது வெதுவெதுப்பான தண்ணீரில், விரலைக் கோதியபடி ஒன்றிரண்டு நிமிடம். எங்கே நிறுத்துவது என்று கைதான் சொல்லும். கொழகொழப்பு போயிருக்க வேண்டும், வழுக்கல் இருக்க வேண்டும். கீச்கீச்சென்று சத்தம் வரும்வரை அலசினால் போட்டதையெல்லாம் சாக்கடையில் விட்டதாக ஆகும். கடைசியில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் கியூட்டிகிள் மூடிக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. செதிலைப் படிய வைப்பது குளிர்ச்சி அல்ல, மாஸ்க்கின் லேசான அமிலத்தன்மை. நல்ல மாஸ்க்கின் பிஎச் 3.5 முதல் 5 வரை இருக்கும். மாஸ்க்குக்குப் பிறகு தனியாகக் கண்டிஷனரும் தேவையில்லை. மறுபடி துணியால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே நுனியில் பட்டாணி அளவு லீவ்-இன் கிரீமோ இரண்டு சொட்டு சீரமோ தடவிக் காயவிடுங்கள்.

போட்டபின் முடி சொல்லும் புகார்களையும் படிக்கத் தெரிய வேண்டும். காய்ந்தும் பிசுபிசுவென்று கொத்தாக ஒட்டினால் சரியாக அலசவில்லை, அல்லது அளவு அதிகம், அல்லது வேர்வரை போயிருக்கிறது. முதல் இரண்டு முறை பட்டாக இருந்து, அதே மாஸ்க் நாலாவது முறை எதுவுமே செய்யாத மாதிரி இருந்தால் படிவு சேர்ந்துவிட்டது. கிளாரிஃபையிங் ஷாம்பு ஒருமுறை போடுங்கள், மாஸ்க்கை மாற்ற வேண்டாம். மென்மையாக இருக்கிறது ஆனால் தொய்ந்து உயிரில்லாமல் விழுகிறது, கிளிப் நிற்கவில்லை என்றால் மென்மை மிகுந்துவிட்டது; இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது ஒருமுறை புரதம். மொடமொடப்பைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். தலை அரித்தாலோ சிவந்தாலோ அந்த மாஸ்க்கை நிறுத்திவிடுங்கள். புதிதாக வாங்கும் எதையும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்தபின் தலைக்குக் கொண்டுபோவது நல்லது.

முட்டையும் தயிரும் ஏன் பலிக்கவில்லை? முட்டையில் புரதம் இருக்கிறதுதான், ஆனால் உடைக்காத முழுப் புரதம். முடிக்குள் போக முடியாத அளவு பெரியது. மேலே காய்ந்து ஓடு மாதிரி விறைக்கும், அவ்வளவே. வெந்நீரில் அலசினால் முடியிலேயே வெந்து துணுக்கு துணுக்காக நிற்கும். அதைச் சீவி எடுப்பதற்குள் இன்னும் நாலு இழை உடையும். தயிரின் அமிலம் கொஞ்சம் பளபளப்பு தரும், கெடுதல் இல்லை. நீங்கள் எதிர்பார்க்கும் வேலைக்கு அது போதாது. வாழைப்பழம் வேண்டவே வேண்டாம், துணுக்கு போகாது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது. அது தோலில் பட்டு வெயிலில் போனால் கொப்புளம்வரை போகும். சமையல் சோடா அதற்கு நேரெதிர், காரம். ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நிற்கும் செதிலை இன்னும் தூக்கிவிடும்.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரான சங்கிலி; அதனால் முடிக்குள் புகும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். ஆனால் அதை மாஸ்க்குக்குப் பதிலாக நினைக்காதீர்கள். அதன் இடம் ஷாம்புவுக்கு முன்னால். காய்ந்த முடியின் கீழ்ப்பாதியில் ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி தடவி, ஒரு மணி நேரமோ முந்தைய இரவோ விட்டுவிடுங்கள். ஷாம்பு போடும்போது தண்ணீர் உள்ளே புகுந்து முடி உப்புவதை அது மட்டுப்படுத்தும். அதன்பின் ஷாம்பு, அதன்பின் மாஸ்க். சிலருக்குத் தேங்காய் எண்ணெயே முடியை விறைக்க வைக்கும். இரண்டு முறை போட்டு அப்படித் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பாண்ட் பில்டர் என்ற பெயரில் வருபவை மாஸ்க்கிலிருந்து வேறு வகை. மேலியேட் வகை அல்லது சிட்ரிக் அமில வகைப் பொருள்கள் உள்ளே போய், தளர்ந்த உள்கட்டுக்கு ஓரளவு பலம் தருகின்றன. அறுந்த கந்தகப் பிணைப்பெல்லாம் பழையபடி சேர்ந்துவிட்டதாக நினைத்து அடுத்த ப்ளீச்சுக்குத் தயாராகிவிடாதீர்கள், அவ்வளவுதான். ரப்பராக நீளும் முடிக்கு இவை புரதத்தைவிடப் பொருத்தம். விறைப்பு சேர்வது குறைவு. பெரும்பாலானவை ஷாம்புவுக்கு முன் ஈர முடியில் 10 நிமிடம் வைப்பவை. வழுக்கல் தருவது இவற்றின் வேலை அல்ல என்பதால் மாஸ்க் அதற்குப் பின்னாலும் தேவை.

உங்கள் நிலைக்கு வாரக் கணக்கில் சொல்வதென்றால்: முதல் வாரம் கிளாரிஃபையிங் ஷாம்பு, உடனே புரதமில்லாத மாஸ்க். அடுத்த ஏழு வாரமும் வாரம் ஒரு மாஸ்க். இடையில் தலைக்குக் குளிக்கும் நாளில் சாதாரணக் கண்டிஷனர் மட்டும் மூன்று நிமிடம். ஐந்தாவது வாரத் தொடக்கத்தில் மறுபடி கிளாரிஃபையிங். அப்போது இழுத்துப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்து, புரதம் வேண்டுமா என்று தீர்மானியுங்கள். எட்டு வாரத்துக்குப் பின் உடைவது நன்றாகக் குறைந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று இறக்கலாம்.

இதெல்லாம் நடக்கும்போது ஸ்ட்ரெய்ட்னர் வாரம் நான்கு நாள் ஓடினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகத்தான் முடியும். எட்டு வாரம் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாத நாளில் ஹீட் புரொடெக்டன்ட் தடவி, முடி முழுக்கக் காய்ந்தபின், 150 டிகிரியில், ஒரு கொத்துக்கு ஒரே இழுப்பு. இரும்பு பட்டதும் 'சுர்'ரென்று சத்தமோ ஆவியோ வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து, கார்டெக்ஸுக்குள் குமிழ் குமிழாக வெடிக்கும் சத்தம் அது. குமிழ் விழுந்த இடத்தில் முடி கட்டாயம் முறியும். ப்ளீச்சை ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள். வேர் நிறம் உறுத்தினால் அடர்நிறக் கலரைத் தேர்ந்தெடுப்பது நல்லது, அதற்கு ப்ளீச் தேவைப்படாது. நீச்சல் குளத்துக்குப் போகும் பழக்கம் இருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, கண்டிஷனர் பூசிக்கொண்டு இறங்குங்கள். ஏற்கெனவே ஊறிய முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

வெடித்த நுனியை ஒட்டவைப்பதாகச் சொல்லும் எதுவும் அடுத்த ஷாம்புவரைக்கும்தான் ஒட்டும். வெடிப்பை அப்படியே விட்டால் அது மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதல் மாஸ்க்குக்கு முன்பே, வெள்ளைப் புள்ளிகள் தெரியும் இடத்துக்கு ஒரு செ.மீ. மேலாக வெட்டிவிடுங்கள். உங்கள் நிலையில் 5 முதல் 8 செ.மீ. போகலாம்; மனம் கேட்காது, ஆனால் அந்த நீளம் எப்படியும் சீப்பில்தான் போகப்போகிறது. அதன்பின் 10 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை 2 செ.மீ. அந்த இடைவெளியில் வளர்வது 3 செ.மீ. அளவு என்பதால் நீளம் குறையாது, மெதுவாகக் கூடும். ப்ளீச் பட்ட பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே வரும்.

ப்ளீச்சே படாத வேர்ப்பகுதி முடியும் உடைந்தாலோ, வட்ட வட்டமாக வழுக்கை தெரிந்தாலோ, தலைத்தோலில் செதிலும் புண்ணும் இருந்தாலோ மாஸ்க் வாங்கும் பணத்தை வைத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.